வால்வு ப்ரீஆம்பில் கெயின் அதிகமா? குறைக்க வேண்டிய இடம் எது?

[திரையில்: வால்யூம் குமிழ், ஒன்பது மணி நிலையில்]

குமிழை இவ்வளவு திருப்பியதுமே காது அடைக்கிறது. இதற்கும் கீழே இறக்கினால் ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பாடுகிறது. வால்யூம் கன்ட்ரோலில் இடது, வலது சேனல்களுக்கான இரண்டு தட்டுகளும் அந்த அடிப்பகுதியில் ஒத்துப்போவதில்லை. பாட்டை நிறுத்தினாலும் 'உஸ்' என்ற இரைச்சல் நிற்பதில்லை.

சிடி பிளேயர் முழு அளவில் 2 வோல்ட் தருகிறது. ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு 1 முதல் 2 வோல்ட் போதும். நடுவில் 10 மடங்கு, அதாவது 20 டெசிபல், பெருக்கிக்கொண்டு ஒரு ப்ரீஆம்ப்!

உடனே பலரும் 12ஏஎக்ஸ்7 வால்வைக் கழற்றி, கெயின் குறைந்த 12ஏயூ7 செருகுவார்கள். பின்கள் பொருந்தும், ஹீட்டரும் பொருந்தும். ஆனால் 100கே (கே என்றால் கிலோஓம்) பிளேட் ரெசிஸ்டரும் 1.5கே கேத்தோடு ரெசிஸ்டரும் பழைய வால்வுக்காகப் போட்டவை. பயாஸ், அதாவது வால்வு வேலை செய்யும் புள்ளி, இடம் மாறிவிடும். அவுட்புட்டின் ஒரு பகுதியை இன்புட்டுக்கே திருப்பும் ஃபீட்பேக் உள்ள சர்க்யூட் என்றால் இன்னும் மோசம்: கெயின் கொஞ்சம்தான் குறையும், டிஸ்டார்ஷன் ஏறும்.

ப்ரீஆம்பின் இன்புட்டில் ரெசிஸ்டர் போட்டால் பாட்டு குறையும், உஸ் குறையாது. அது பிறப்பது வால்யூமுக்குப் பின்னால் இருக்கும் வால்வில். ஆகவே பவர் ஆம்பின் இன்புட்டில் குறையுங்கள்.

[திரையில்: ஆர்சிஏ சாக்கெட்டின் உட்புறம்]

ஒவ்வொரு சேனலுக்கும் 30கே தொடராக, அதன் பின் 10கே கிரவுண்டுக்கு. கால் வாட், 1 சதவீத மெட்டல் ஃபிலிம். பவர் ஆம்பின் இன்புட் 47கே என்றால் சுமார் 13 டெசிபல் குறையும். இதைக் கேபிளின் ப்ரீஆம்ப் முனையில் வைக்காதீர்கள். 30கே-யும் 10கே-யும் சேர்ந்து கேபிளுக்கு 7.5கே சோர்ஸ் ஆகிவிடும்; அதற்குப் பின் 1000 பிகோஃபாரட் கேபிள் வந்தால் 21 கிலோஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் போய்விடும்.

மதிப்புகளைச் சின்னதாக்கவும் கூடாது. ப்ரீஆம்பின் அவுட்புட் கெபாசிட்டர் 0.47 மைக்ரோஃபாரட், மொத்த லோடு 10கே என்றால் 34 ஹெர்ட்ஸிலேயே பேஸ் சரியத் தொடங்கியிருக்கும். மேலே சொன்ன மதிப்புகள் தரும் 38கே லோடில் அது 9 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும்.

கேத்தோடு ரெசிஸ்டருக்குக் குறுக்கே இருக்கும் பைபாஸ் கெபாசிட்டரை எடுத்துவிடலாமா? ஃபீட்பேக் இல்லாமல், பின்னால் கேத்தோடு ஃபாலோயர் (பெருக்காமல், அவுட்புட் இம்பிடன்ஸை மட்டும் குறைக்கும் வால்வு நிலை) இருந்தால் எடுக்கலாம். மேலே சொன்ன 12ஏஎக்ஸ்7 சர்க்யூட்டில் கெயின் 61-இலிருந்து 32-க்கு வரும். பிளேட்டிலிருந்தே அவுட்புட் எடுத்திருந்தால் வேண்டாம், அவுட்புட் இம்பிடன்ஸ் 38கே-யிலிருந்து 68கே ஆகிவிடும். ப்ரீஆம்பைத் திறப்பதானால் மின் பிளக்கைக் கழற்றி, ஃபில்டர் கெபாசிட்டரை 10கே, 5 வாட் ரெசிஸ்டரால் வடித்து, மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகே கை வையுங்கள். 300 வோல்ட் அங்கே காத்திருக்கும்.

எல்லாம் போட்ட பிறகும் உஸ் கேட்டால், பவர் ஆம்பை அணைத்து, அதன் இன்புட்டில் ஷார்ட்டிங் பிளக் (சிக்னல் முனையைக் கிரவுண்டோடு இணைப்பது) செருகி மறுபடி போடுங்கள். அப்போதும் அதே சத்தம் என்றால் குறை பவர் ஆம்பில்; ப்ரீஆம்பை மூடிவிடலாம்.