எட்டு மோடம், ஒரே பிசி: எந்த சீரியல் கார்டு போடுறது?

[திரையில்: பழைய பிசியோட பின்பக்கம்]

வணக்கம் மக்களே. இந்தா பாருங்க, சீரியல் போர்ட் ரெண்டே ரெண்டு, காம்1, காம்2. 1996 வாக்குல அமெரிக்காவுல சின்ன ஊர்லகூட ஒரு லினக்ஸ் பெட்டி, எட்டு போன் லைன், லைனுக்கு ஒரு மோடம் (பிசியை போன் லைன்ல இணைக்குற பெட்டி)னு வச்சு இன்டர்நெட் கனெக்‌ஷன் வித்துட்டு இருந்தாங்க, அப்போ மிச்ச ஆறு மோடத்தை எங்க சொருகுறது? காம்3, காம்4 சேத்துக்கலாமேன்னு தோணும், ஆனா காம்3 போயி காம்1ஓட ஐஆர்க்யூ (சிபியூவைக் கூப்பிடுற கம்பி) 4லயே உக்காரும், காம்4 காம்2ஓட 3ல உக்காரும், பிசிக்குள்ள கார்டு சொருகுற பழைய ஐஎஸ்ஏ பஸ்ல அது பெரிய தலைவலி. அதுக்குத்தான் ஒரே கார்டுல பல சீரியல் போர்ட் வர்ற மல்டிபோர்ட் கார்டு.

முதல்ல போர்ட்டை ஓட்டுற சிப்பைப் பாருங்க. 8250, 16450 எல்லாம் ஒரு பைட்டுதான் கையில வச்சுக்கும். போர்ட்டை செகண்டுக்கு 115200 பிட்டுல ஓட்டுனா, பைட்டுக்கு 10 பிட்டு கணக்குல செகண்டுக்கு 11520 பைட்டு, அதாவது 87 மைக்ரோசெகண்டுக்கு ஒருதடவை சிபியூவோட கதவைத் தட்டும், லேட்டானா அந்த பைட்டு காலி. 16550ஏல 16 பைட்டை வரிசையா சேத்து வைக்குற ஃபைஃபோ இருக்கு, 14 சேர்ந்தப்புறம் தட்டுனாப் போதும். எட்டு போர்ட்டும் முழு வேகத்துல ஓடுனா செகண்டுக்கு 92,000 தடவை தட்டுறது 6,600க்கு இறங்கிடும். 16450 கார்டு சும்மா குடுத்தாலும் வேண்டாம்.

[திரையில்: டிசிடி பின்னை விரல் காட்டுது]

ஆனா என்னைக் கேட்டா சிப்பைவிட முக்கியம் இந்த ஒத்தக் கம்பி. டிசிடி. லைன் கட்டாச்சுன்னு மோடம் பிசிக்கு சொல்றது இதுலதான். சில மலிவு கார்டுல இதைக் கொண்டு வரவே மாட்டாங்க, பிரின்டர், டெர்மினலுக்கெல்லாம் நல்லாத்தான் ஓடும். மோடம் போட்டா என்னாகும்? ஒருத்தர் லாகின் பண்ணி வேலை பாத்துட்டு லாக்அவுட் பண்ணாம போனை வச்சுடுறாரு, பிசிக்கு அது தெரியாது, மோடம் அடுத்த போன் காலை எடுக்குது, புதுசா வந்தவரு நேரா முன்னவரோட ஷெல்லுக்குள்ள (கமாண்ட் அடிக்குற இடம்) போயி நிக்கிறாரு! பாஸ்வேர்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது. டிடிஆர் கம்பியும் அதே மாதிரி, அது இல்லன்னா பிசியால லைனைக் கட் பண்ண முடியாது. மோடத்துலயும் &சி1, &டி2ன்னு கமாண்ட் போட மறக்காதீங்க, அப்பதான் அது இந்த ரெண்டு கம்பியையும் மதிக்கும்.

டிஜிங்குற கம்பெனியோட கார்டுல இன்னொரு கூத்து. அதோட ஜாக்குக்கு 10 பின், நீங்க சாதா 8 பின் ஆர்ஜே45 பிளக்கைச் சொருகுனா ஓரத்துல இருக்குற ரெண்டும் விட்டுப்போகும், அதுல ஒண்ணு நம்ம டிசிடி. அதுக்குன்னே டிரைவர்ல ஆல்ட்பின்னு ஒரு செட்டிங் வச்சிருக்கான், டிஎஸ்ஆர்ங்குற இன்னொரு கம்பியையும் டிசிடியையும் இடம் மாத்திடும்.

56கே, அதாவது செகண்டுக்கு 56,000 பிட்டு வேகம் கேக்குறவங்களுக்கு, இந்த செட்டப்புல வராது. 1998ல வந்த வி.90ங்குற 56கே முறைக்கு சர்வர் பக்கம் டிஜிட்டல் லைன் வேணும், ரெண்டு பக்கமும் சாதா மோடம்னா 33.6தான். 56 வேணும்னா கார்டை விட்டுட்டு போர்ட்மாஸ்டர் 3 மாதிரி டிஜிட்டல் லைனை நேரா வாங்குற பெட்டி தேடுங்க.

கடைசியா, செகண்ட்ஹேண்டுல வாங்குறவங்க கேபிளோட சேத்து வாங்குங்க. ஒரு தலை எட்டு வாலுன்னு வர்ற அந்த ஆக்டோபஸ் கேபிள் கம்பெனிக்கு கம்பெனி வேற பின். நான் கார்டு மட்டும் சீப்பா கிடைச்சுதுன்னு வாங்கிட்டு மூணு ராத்திரி மல்டிமீட்டரோட உக்காந்து சால்டர் பண்ணேன், அஞ்சாவது போர்ட் இன்னமும் வரல.