அழிக்கப்பட்ட முதல் வரி: விக்கிப்பீடியாவுக்குப் புதியவர்களுக்காக

[திரை: கட்டுரைப் பக்கம் ஒன்று. சுட்டி 'தொகு' என்ற இணைப்பின் மேல் நிற்கிறது.]

விக்கிப்பீடியாவில் நான் எழுதிய முதல் வரி இருபது நிமிடம்கூட நிலைக்கவில்லை. மேரி கியூரி கட்டுரையில் "உலகம் கண்ட தலைசிறந்த அறிவியலாளர் இவரே" என்று சேர்த்துச் சேமித்தேன். சற்று நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் வரியைக் காணவில்லை. முகம் தெரியாத யாரோ காரணம்கூடச் சொல்லாமல் அழித்துவிட்டார் என்று மனம் சுருங்கிப்போனது.

உண்மையில் அவர் காரணம் சொல்லியிருந்தார். எங்கே பார்ப்பது என்று எனக்குத்தான் தெரியவில்லை. இந்த வீடியோவை அந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

[திரை: 'வரலாறு' பக்கம் திறக்கிறது. தேதி, நேரம், பயனர் பெயர், அடுத்து ஒரு சிறு குறிப்பு.]

ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரலாற்றுப் பக்கம் உண்டு. யார், எப்போது, எதை மாற்றினார் என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். பழைய வடிவங்கள் அனைத்தும் அங்கே பத்திரமாக இருப்பதால், உங்கள் எழுத்தை ஒருவர் மீளமைத்தாலும், அதாவது நீக்கிப் பழைய நிலைக்குத் திருப்பினாலும், அது தொலைந்துபோவதில்லை. பயனர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறு குறிப்புக்குத் தொகுப்புச் சுருக்கம் என்று பெயர். என் வரியை நீக்கியவர் அங்கே இரண்டே சொற்கள் எழுதியிருந்தார்: "நடுநிலை, மேற்கோள்."

அந்த இரண்டு சொற்களைப் புரிந்துகொள்ள எனக்குச் சில நாட்கள் பிடித்தன. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டியதில்லை.

முதலில் நடுநிலை. 'தலைசிறந்தவர்' என்பது என் கருத்து. ஐன்ஸ்டைன்தான் தலைசிறந்தவர் என்று இன்னொருவர் சொல்லலாம். கலைக்களஞ்சியம் இருவருக்கும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதே இடத்தில் இப்படி எழுதிப் பார்ப்போம்.

[திரை: பழைய வரி மங்குகிறது. புதிய வரி தோன்றுகிறது.]

"1903இல் இயற்பியலுக்கான நோபல் பரிசை மற்ற இருவருடன் பகிர்ந்துகொண்டார், 1911இல் வேதியியலுக்கான பரிசைத் தனியாகப் பெற்றார். இருவேறு அறிவியல் துறைகளில் இப்பரிசைப் பெற்றவர் இவர் ஒருவரே."

இதில் ஒரு புகழ்ச்சிச் சொல்கூட இல்லை. ஆனால் படிப்பவர் தாமாகவே வியந்துபோவார். என் பழைய வரியால் அதைச் செய்ய முடியவில்லை.

அடுத்தது மேற்கோள். புதியவர்களுக்கு மிகவும் வலிக்கும் விதி இதுதான்; எனக்கும் வலித்தது. ஒரு செய்தி உண்மை என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். நேரில் பார்த்திருப்பீர்கள், அல்லது வீட்டுப் பெரியவர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனாலும் அது மட்டும் போதாது. கட்டுரையைப் படிப்பவர் உங்களைச் சந்திக்கப்போவதில்லை. நீங்கள் யார், எவ்வளவு நேர்மையானவர் என்று அறிய அவருக்கு வழியே இல்லை. அவர் தாமே போய்ச் சரிபார்ப்பதற்கு நம்பகமான நூலோ இதழோ ஆய்வுக் கட்டுரையோ வேண்டும். இதைத்தான் மெய்யறிதன்மை என்கிறார்கள். நீங்களே கண்டுபிடித்த புதிய முடிவையும் முதன்முதலாக இங்கே வெளியிடக் கூடாது. வாய்மொழியாக மட்டும் வாழும் அறிவுக்கு இந்த விதி கடுமையானது என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. அப்படிப்பட்ட அறிவு உங்களிடம் இருந்தால், நல்ல இதழ் ஒன்றில் முறையாக எழுதி வெளியிடுங்கள். பிறகு இன்னொருவர் அதை மேற்கோளாகக் காட்டலாம்.

பிற தளங்களிலிருந்து வெட்டி ஒட்டாதீர்கள். விக்கிப்பீடியாவின் உரையை, மூலத்தைக் குறிப்பிட்டு அதே உரிமத்தில் வெளியிட்டால், யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம், விற்கவும் செய்யலாம். அடுத்தவருக்குச் சொந்தமான எழுத்துக்கு அந்த உரிமையைக் கொடுக்க நம்மால் முடியாது. இரண்டு சொற்களை மாற்றிவிட்டால் அது நம்முடையதாகிவிடாது.

[திரை: ஒரே வரி சேர்க்கப்படுகிறது, நீக்கப்படுகிறது, மறுபடி சேர்க்கப்படுகிறது.]

இப்போது முக்கியமான கட்டம். உங்கள் வரியை ஒருவர் நீக்கிவிட்டார். நீங்கள் செய்தது சரி என்றே நம்புகிறீர்கள். கை உடனே பழைய வரியைத் திரும்பச் சேர்க்கத் துடிக்கும். அங்கே நிறுத்துங்கள். இப்படி மாறி மாறி அழிப்பதைத் தொகுப்புப் போர் என்கிறார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைப்பவரைத் தடை செய்யலாம். அவர் சொல்வது சரியாக இருந்தாலும் விதி அதுதான்.

துணிந்து தொகுக்கலாம். அடுத்தவர் மீளமைக்கலாம். அதன் பிறகு பேச வேண்டும். பேசுவதற்கென்றே ஒவ்வொரு கட்டுரைக்கும் உரையாடல் பக்கம் இருக்கிறது. "ஏன் அழித்தீர்கள்?" என்று சண்டைக்குப் போவதைவிட, "இந்த நூலை மேற்கோளாகத் தந்தால் போதுமா?" என்று கேட்டுப் பாருங்கள், பதிலின் தொனியே வேறாக இருக்கும். எதிரில் இருப்பவரும் சம்பளம் வாங்காமல் தன் ஓய்வு நேரத்தைக் கொடுப்பவர்தான். நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்று எடுத்துக்கொண்டு பேச்சைத் தொடங்க வேண்டும் என்பதும் இங்கே எழுதப்பட்ட நெறி. உரையாடல் பக்கத்தில் எழுதியதும் நான்கு அலைக்குறிகள் (~~~~) இட்டால் உங்கள் பெயரும் நேரமும் தாமாகப் பதிவாகும். கட்டுரைக்குள் மட்டும் கையொப்பம் இடாதீர்கள். அது எல்லோருக்கும் உரியது.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. கிரந்த எழுத்துகளைப் பயன்படுத்தலாமா என்ற விவாதம் அங்கே நெடுங்காலமாக நடந்து வருகிறது. ஒரு பெயரின் எழுத்துக்கூட்டல் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று பத்துக் கட்டுரைகளில் ஒரே மூச்சில் மாற்றிவிடாதீர்கள். முதலில் ஆலமரத்தடியில் கேளுங்கள். பொதுவான பேச்சுக்கான பக்கத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. எனக்கு மிகவும் பிடித்த பெயர். ஐயங்களுக்கு ஒத்தாசைப் பக்கம் இருக்கிறது. பழகிப் பார்க்க மணல்தொட்டி இருக்கிறது, அங்கே எதை எழுதி அழித்தாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

[திரை: மேரி கியூரி கட்டுரையின் வரலாறு, மீண்டும்.]

கியூரி பற்றிய அந்தப் புதிய வரியை நூல் மேற்கோளுடன் சேர்த்தேன். தொகுப்புச் சுருக்கத்தில் "நோபல் விவரம், மேற்கோள் சேர்ப்பு" என்று குறித்தேன். மறுநாள் காலை, நான் கவனித்துவரும் பக்கங்களின் மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியலைத் திறந்தபோது, யாரோ என் வரியைத் தொட்டிருப்பது தெரிந்தது. நெஞ்சு படபடத்தது. இந்த முறை நேராக வரலாற்றுப் பக்கத்துக்குப் போனேன். நான் விட்டிருந்த ஒரு 'த்' சேர்க்கப்பட்டிருந்தது. சுருக்கத்தில் ஒரே சொல்: "ஒற்று."

அந்தத் திருத்தத்தின் பக்கத்தில் 'நன்றி' என்று ஒரு சிறிய இணைப்பு இருந்தது. அதை அழுத்தினேன்.