உறவு முறை: மச்சான்

தலைவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

வெள்ளவத்தையில் ஒரு மேடையேறி, நான் தன்பாலீர்ப்புள்ள ஆண் என்று தமிழில் சொல்லுவேன் என இருபது ஆண்டுகளுக்கு முன் யாராவது எனக்குச் சோதிடம் கூறியிருந்தால், அவருக்குத் தட்சணை கொடுத்திருக்க மாட்டேன். கனடாவிலிருந்து இரண்டு வார விடுமுறையில் வந்திருக்கிறேன். வந்த நாட்கள், எங்களைப் போன்ற பாலினச் சிறுபான்மையினர் கூடிக் கொண்டாடும் பெருமித வாரத்தோடு ஒத்துவந்தது பாதி தற்செயல், பாதி என் தங்கைக்குச் சொல்லாத திட்டம். கொழும்பில் இவ்விழா 2005ஆம் ஆண்டிலிருந்து நடந்துவருகிறது. அதே ஆண்டில்தான் நானும் பருத்தித்துறையிலிருந்து ஒரு பையோடு இந்நகருக்கு வந்திறங்கினேன். ஆனால் அப்படி ஒன்று நடப்பதாக அன்று என் காதில் விழவேயில்லை. விழுந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன்; கூட்டம் கூடும் இடத்தில் நிற்காதே என்பதுதான் கொழும்புக்கு வரும் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் சொல்லியனுப்பும் முதற் பாடம்.

இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், நான் தங்கியிருந்த லொட்ஜ் இருந்தது. இன்று அந்த இடத்தில் பல மாடிக் குடியிருப்பொன்று நிற்கிறது. நேற்று மாலை அதன் வாசலில் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தேன்; காவலாளி இரண்டு முறை எட்டிப் பார்த்தார். பழக்கதோஷத்தில் என் கை சட்டைப் பையில் அடையாள அட்டையைத் தேடியது. அகப்பட்டது கனேடியக் கடவுச்சீட்டு.

அந்த லொட்ஜின் பதிவேட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் சொல்ல வந்தது முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. பெயர், அடையாள அட்டை எண், நிரந்தர முகவரி, கொழும்புக்கு வந்த நோக்கம் என்று வரிசையாகக் கோடு போட்ட நீளமான கொப்பி அது. இரண்டு பேர் ஓர் அறையை எடுத்தால் அவர்களுக்குள் என்ன உறவு என்பதையும் எழுத வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்டின் அழைப்புக்காகக் காத்திருந்த இன்னொரு பையனும் நானும் அறையைப் பகிர்ந்துகொள்வதாகச் சொன்னபோது, முகாமையாளர் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி, "தம்பியவை என்ன முறை?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் அவன் சொன்னான்: "மச்சான்."

யாழ்ப்பாணத்தில் நண்பனும் மச்சான். மனைவியின் சகோதரனும் மச்சான். ஒரு பெண்ணுக்கு, அவள் கட்டிக்கொள்ளும் முறையுள்ளவனும் மச்சான்தான். சிங்களத்திலும் அதே சொல் அதே தோழமையோடு புழங்குகிறது. சோதனைக்கு வந்த பொலிஸ்காரர் ஒருவர் அந்தப் பக்கத்தை டோர்ச் வெளிச்சத்தில் பார்த்து, "மச்சான்த?" என்று சிரித்துவிட்டுப் போனார். நாங்கள் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. நம்முடைய மொழி எங்களுக்குத் தந்திருந்த ஒரே நேர்மையான சொல் அதுவாகத்தான் இருந்தது.

அவையோரே, அந்த அறைக்கதவு இரவு இரண்டு மணிக்குத் தட்டப்படும். உங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தத் தட்டலை நான் விளக்க வேண்டியதில்லை. வந்தவர்கள் எங்களைப் புலிகளா என்று பார்க்க வந்தார்களே தவிர, காதலர்களா என்று பார்க்க வரவில்லை. மணமாகாத ஓர் ஆணும் பெண்ணும் கேட்டால் அறை கொடுக்காத முகாமையாளர், இரண்டு ஆண்களுக்கு எந்தத் தயக்கமுமின்றிச் சாவியைக் கொடுத்தார். தமிழன் என்ற சந்தேகம் அவ்வளவு பெரிதாக இருந்ததால், அதன் நிழலில் எங்களுடைய மற்ற இரகசியம் பத்திரமாகத் தூங்கியது. ஓர் அச்சம் இன்னோர் அச்சத்துக்குப் போர்வையாக இருந்த அந்தப் பதினான்கு மாதங்களை மகிழ்ச்சியானவை என்று சொல்ல எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அவை மகிழ்ச்சியானவைதாம்.

அந்த மற்ற இரகசியத்துக்கும் சட்டம் இருந்தது, இன்னும் இருக்கிறது. பிரித்தானியர் 1883இல் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ ஆகிய பிரிவுகள் அவை. முதலாவது, இயற்கைக்கு மாறான உடலுறவு என்று அது அழைக்கும் ஒன்றுக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறை விதிக்கிறது. இரண்டாவது பிரிவிலுள்ள ஒரு தொடரை நான் பலமுறை படித்திருக்கிறேன்: பகிரங்கத்திலோ அந்தரங்கத்திலோ. அதாவது, தாழ்ப்பாள் போட்ட அறையும் அந்தச் சட்டத்துக்குத் தெருதான். 1995இல் சட்டத்தைத் திருத்தியபோது ஆண் என்றிருந்ததை நபர் என்று மாற்றினார்கள். அதனால் அதுவரை வெளியே நின்ற பெண்களும் உள்ளே இழுக்கப்பட்டார்கள். சமத்துவத்தை இப்படியும் நிலைநாட்டலாம் போலும். 2016இல், இப்பிரிவின் கீழ் தண்டிக்கப்பட்ட ஒருவரின் வழக்கில் உயர் நீதிமன்றம், வயதுவந்தோர் இருவரின் இசைவான உறவைக் குற்றமாக்குவது தற்காலச் சிந்தனைக்கு ஒவ்வாதது என்ற பொருள்படக் கூறி, தீர்ப்பை மாற்றாமல் சிறைத்தண்டனையை மட்டும் ஒத்திவைத்தது. 2023 மே மாதத்தில், இப்பிரிவுகளைத் திருத்த முன்வைக்கப்பட்ட தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று அதே நீதிமன்றம் அறிவித்தது. அந்தச் சட்டமூலம் சட்டமாகவில்லை.

நான் 2006இன் இறுதியில் புறப்பட்டுவிட்டேன். அவன் இருந்தான். 2007 ஜூன் 7ஆம் நாள் விடியுமுன், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் லொட்ஜ்களில் இருந்த தமிழர் 370க்கும் மேற்பட்டோர், உடுத்திருந்த உடையோடு பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்தைத் தடுத்தது. பிரதமர் வருத்தம் தெரிவித்தார். ஏற்றப்பட்டவர்களில் அவனும் ஒருவன். அவர் இன்று மூன்று பிள்ளைகளின் தகப்பன். அவன் என்று சொல்லிவந்த நான் இப்போது அவர் என்று மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஜூன் மாதம் எனக்கு வானவில் மாதமாக மட்டும் இருக்க முடியாததற்குக் காரணம் இதுதான். ரொறன்ரோவில் இலட்சக்கணக்கானோர் நடுவே நடக்கும்போதும் எனக்கு அந்தப் பேருந்துகள் நினைவுக்கு வரும். "முதலில் இனப்பிரச்சினை தீரட்டும், காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்குப் பதில் வரட்டும், இதெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்று நம்மவர்கள் என்னிடம் சொல்லும்போது, அந்த வரிசையின் நியாயத்தை நான் கேலி செய்வதில்லை. நானும் பல ஆண்டுகள் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் பதிவேட்டில் பெயர் எழுதிப் படுத்தவர்கள் நாம். நடுச்சாமத்துக் கதவுத் தட்டலுக்கு எழுந்து, கட்டில் விளிம்பில் அட்டையோடு உட்கார்ந்தவர்கள் நாம். அரசு ஒருவரின் அறைக்குள் வருவது எப்படியிருக்கும் என்பதை இந்த நாட்டில் நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? 365ஏ பிரிவைப் புரிந்துகொள்ள நமக்குச் சட்டத்தரணி தேவைப்படக் கூடாது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இவ்வாரம் நான் போன கூட்டங்களில் உரைகள் ஆங்கிலத்தில் இருந்தன, பகிடிகள் சிங்களத்தில் இருந்தன, தமிழ் பின்வரிசையில் யாரோ ஒருவருடைய காதுக்குள் கிசுகிசுக்கப்பட்டது. அப்படிக் கிசுகிசுத்துக்கொண்டிருந்த மட்டக்களப்புப் பையன் ஒருவர்தான், பதாகை எழுதும் இடத்துக்கு என்னை அழைத்துப் போனார். என்னை அங்கிள் என்று கூப்பிட்டார். பெருமித வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே காயம் அது. ஆங்கிலத்தில் பிரைட் என்பதைத் தமிழில் என்னவென்று எழுதுவது என்று கேட்டார். பெருமை என்றால் தற்பெருமை போல ஒலிக்கிறது; அபிமானம் என்று சிங்களத்தோடு ஒத்து எழுதினால் நடிகருக்கு மன்றம் வைத்தது போல இருக்கிறது. பெருமிதம் என்று எழுதச் சொன்னேன்.

சொன்னதோடு விட்டிருக்கலாம். தொல்காப்பியர் உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளான எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாகப் பெருமிதத்தை வைக்கிறார் என்றும், அது கல்வி, தறுகண் என்ற அஞ்சாமை, இசைமை என்ற புகழ், கொடை ஆகிய நான்கில் பிறக்கிறது என்கிறார் என்றும், அதற்கு முந்திய மெய்ப்பாடு அச்சம் என்றும், அச்சத்தின் நான்கு காரணங்களில் கடைசியாக அவர் சொல்வது அணங்கையோ விலங்கையோ கள்வரையோ அல்ல, தம் இறையை, அதாவது ஆள்பவரை என்றும் விளக்கத் தொடங்கினேன். "அங்கிள், மட்டையில் இடமில்லை" என்றார்.

நிலத்தில் குந்தியிருந்து ஊதா நிறத்தில் எழுதி முடித்தார். சிங்கள வரிக்கும் ஆங்கில வரிக்கும் கீழே, எப்போதும் போல மூன்றாவதாகத்தான் தமிழ் வரி வந்தது. ஆனால் எழுத்து மற்றவற்றைவிடப் பெரிது. நிமிர்த்திப் பிடித்தபோது கடைசி எழுத்தில் புள்ளி இல்லாததைக் கண்டேன். இந்த நாட்டின் அரச பெயர்ப்பலகைகளில் தமிழைப் படித்து வளர்ந்த நமக்கு அந்தப் பிழை பழக்கமானது. சொன்னேன். தூரிகையைக் கழுவிவிட்டிருந்ததால் சுட்டுவிரலை வர்ணத்தில் தோய்த்து, 'ம'வின் தலையில் ஒற்றினார். என் கைபேசியை எடுத்தேன். பதாகையை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டு, அதன் பின்னாலிருந்து சொன்னார்: "இப்ப எடுங்கோ அங்கிள். முகம் வேண்டாம்."