"நிறுத்து" என்று சொல்லிப் பழகும் இடம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் வேலை முடித்த களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கிற என் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மண்ணுக்கும் மனிதருக்கும் நீதி கேட்டுப் போராடும் பெரியவர்களுக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது சட்டமா, கலையா? இதுதான் இன்றைய தலைப்பு. கலைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய வழக்கறிஞர் தம்பி ஒரு கேள்வி கேட்டார். "பாட்டுப் பாடினால் குழாயில் ஓட்டை அடைபடுமா? நாடகம் போட்டால் நஷ்டஈடு வருமா? 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது வழக்கை எடுத்தது பசுமைத் தீர்ப்பாயமா, கலைக்குழுவா?" என்றார். நல்ல கேள்வி, நானும் கைதட்டினேன். தீர்ப்பாயம் தானாக முன்வந்து அந்த வழக்கை எடுத்தது உண்மைதான். ஆனால் தம்பி, எதைப் பார்த்து எடுத்தது? செய்தியைப் பார்த்து. செய்தி எப்படி வந்தது? கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் நடுராத்திரியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய சனம், விடிந்ததும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாமல் தெருவில் வந்து உட்கார்ந்தது. அதனால் வந்தது.

இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. இரண்டு வருடமாக எண்ணூர்ப் பக்கம் வலை பின்னுகிற ஒரு கொட்டகையில், ஞாயிறு சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். முதல் நான்கு மாதம் நானும் சட்டம்தான் நடத்தினேன். 2006-இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை என்ன சொல்கிறது, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னாலேயே அறிவிப்புக் கொடுக்க வேண்டும், திட்டச் சுருக்கம் உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும் என்றெல்லாம் பலகையில் எழுதிப் போட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்புறம் நிஜமாகவே ஒரு கூட்டம் வந்தது. மைக் கைக்கு வந்ததும் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரும் "ஐயா, நீங்க பாத்து செய்யுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சட்டம் தெரியாமல் இல்லை. அதிகாரி முன்னால் நிமிர்ந்து நின்று பேசுவது அந்த உடம்புக்குப் பழக்கமில்லை. ஐம்பது வருடம் "நீ சும்மா இரு" என்றே கேட்டு வளர்ந்த உடம்பு அது. பலகையில் எழுதிப் போட்டு அதை மாற்ற முடியாது.

அந்த வாரம்தான் அகஸ்டோ போல் என்பவரின் நாடக முறையைக் கையில் எடுத்தேன். அவர் பிரேசில் நாட்டு நாடகக்காரர். 1971-இல் ராணுவ ஆட்சி அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்து நாட்டைவிட்டே அனுப்பியது. அவருடைய முறை எளிமையானது. ஒடுக்கப்படுகிற ஆள் தோற்றுப்போகிற காட்சி ஒன்றை நடித்துக் காட்ட வேண்டும். பிறகு அதையே திரும்ப நடிக்க வேண்டும். பார்க்கிறவர் யாராவது "நிறுத்து" என்று சொல்லி எழுந்து வந்து, தோற்றவர் இடத்தில் நின்று, தான் என்ன செய்வேன் என்று நடித்துக் காட்டலாம். எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம். மேடை, விளக்கு, திரை எதுவும் வேண்டாம்.

எங்கள் கொட்டகையில் ஒரு மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டோம், அது அதிகாரியின் மேசை. சொம்புதான் மைக். கொசஸ்தலை ஆற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிற ஒரு அக்கா எழுந்து வந்தார். பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் மணிக்கணக்காக நகர்கிற வேலை அது. முதல் தடவை சொம்பைப் பிடித்ததும் அழுதுவிட்டார். இரண்டாவது தடவை, அதிகாரியாக நடித்த தம்பி "உங்க ரெண்டு நிமிஷம் முடிஞ்சுதும்மா" என்றதும் திரும்பிவிட்டார். பின்னாலிருந்து ஒரு பெரியவர், "நிறுத்து! ஏம்மா திரும்புற? அவன் மேசைகிட்ட போ" என்று கத்தினார்.

மூன்றாவது தடவை அக்கா ஒன்றுமே பேசவில்லை. கூடை மேல் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்தார். விரல் நுனியெல்லாம் வெடிப்பு. நகக் கண்ணில் சாம்பல் நிறச் சேறு. கழுவினால் போகிற அழுக்கில்லை அது, அனல்மின் நிலையச் சாம்பல் வருடக்கணக்கில் ஆற்றில் கலந்து படிந்த சேறு. கொட்டகையில் ஒரு சத்தம் இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "சார், எங்கம்மா காலத்துல ஒரு தடவை எறங்கினா ஒரு பறி நெறையும். இப்ப ரெண்டு நாள் தடவினா இந்தக் கையளவு. இதை எழுதிக்கங்க."

நடுவர் அவர்களே, எந்த வழக்கறிஞரும் அந்த வாக்குமூலத்தை எழுதித் தந்திருக்க முடியாது. அடுத்த வாரம் அவரே வந்து கேட்டார், "அந்த முப்பது நாள் சட்டம்னீங்களே, அது என்னம்மா?" என்று. நான் நான்கு மாதம் சொன்ன பாடம் அன்றைக்குத்தான் அவர்களுக்கு ஏறியது. அதனால்தான் முதலில் கலை என்கிறேன். சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை.

நாடகத்தால் சட்டம் வருமா என்றும் கேட்டார்கள். வந்திருக்கிறது. அந்த அகஸ்டோ போல் என்பவரே பிற்பாடு பிரேசிலுக்குத் திரும்பி, 1992 தேர்தலில் ரியோ டி ஜெனிரோ மாநகராட்சி உறுப்பினர் ஆனார். குடியிருப்புகளில் மக்கள் நடித்த காட்சிகளிலிருந்தே கோரிக்கைகளை எடுத்தார். அவற்றில் 13 சட்டங்களாகவே நிறைவேறின.

இன்னொரு ஊரைச் சொல்கிறேன். அமெரிக்காவின் டென்னசியில் 1932-இல் தொடங்கிய ஹைலேண்டர் பள்ளி. பெரியவர்களுக்கான பள்ளி அது, தொழிலாளிகளும் விவசாயிகளும் படித்தார்கள். பள்ளிகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1954-இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. சட்டம் கையில் இருந்தது, ஆனால் நடைமுறைக்கு வரவில்லை. அந்தத் தீர்ப்பை எப்படி நடைமுறைக்குக் கொண்டுவருவது என்று 1955 கோடையில் ஹைலேண்டரில் ஒரு பயிற்சி நடந்தது. தையல் வேலை பார்த்த ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பின அம்மா அதில் கலந்துகொண்டார். அதே டிசம்பரில் பேருந்தில் வெள்ளைக்காரருக்கு எழுந்து இடம்விட மறுத்தார். அந்தப் பள்ளியில் பாட்டு பொழுதுபோக்காக இருக்கவில்லை, பாடமாகவே இருந்தது. வேலைநிறுத்தம் செய்த புகையிலை ஆலைப் பெண்கள் கொண்டுவந்து கொடுத்த 'வீ ஷல் ஓவர்கம்' என்ற பாட்டு, அங்கிருந்து கிளம்பித்தான் உலகத்துப் போராட்டப் பந்தல்களுக்கெல்லாம் போனது.

அவ்வளவு தூரம் எதற்கு? 1991-இல் நம் புதுக்கோட்டையில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தர அறிவொளி இயக்கம் வந்தது. கிராமம் கிராமமாக வீதி நாடகமும் பாட்டும் போன பிறகுதான் பெண்கள் ராத்திரியில் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், கல் உடைக்கிற பெண்கள்கூட சைக்கிள் ஏறினார்கள்.

எண்ணூரையே எடுத்துக்கொள்வோம். "பொறம்போக்கு" என்றால் நம் ஊரில் வசவு. வரி போடாமல் ஊர்ப் பொதுவுக்கென்று விட்ட நிலம் என்பதுதான் அதன் பொருள். குளம், மேய்ச்சல், கழிமுகம் எல்லாம் அதில் வரும். 2017 ஜனவரியில், கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா இந்த எண்ணூர் மண்ணில் நின்று அந்தச் சொல்லைக் கர்நாடக ராகத்தில் பாடிய பாட்டு வெளிவந்தபோது, வசவு திரும்பவும் நிலமானது. அதே மாதக் கடைசியில்தான் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையில் நின்று வாளியால் அதை அள்ளியதை இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வெளியிலிருந்து கலைஞர் வந்து பாடிவிட்டுப் போவது மட்டும் போதாது. சுவருக்கு வண்ணம் அடித்துப் படம் எடுத்துக்கொண்டு போவதும் போதாது. அழகான சுவருக்குப் பின்னால் அதே சாக்கடை ஓடும். கானாவும் சட்டித் தாளமும் பிறந்த ஊர் இது. இங்கே வீட்டு வாசலில் தினமும் கோலம் போடுகிற கை இருக்கிறது. அந்தக் கைக்குத்தான் கற்றுத்தர வேண்டும். எங்கள் வகுப்பில் ஒரு பெண், தன் வீட்டு சன்னல் விளிம்பில் ஒரு வாரம் சேர்ந்த தூசியை வழித்து ஒரு தாளில் மடித்துக் கொண்டுவந்தார். சிமெண்ட் தரையில் பாதிக் கோலத்தை மாவில் போட்டார், மீதிக் கோலத்தை அந்தத் தூசியில் போட்டார். பாதி வெள்ளை, பாதி கருஞ்சாம்பல். அவருடைய ஆறு வயது மகன் பார்த்துவிட்டு, "இதைத்தான் நாம மூச்சு விடுறோமாம்மா?" என்று கேட்டான்.

நடுவர் அவர்களே, மணி அடிக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. என் நேரத்தில் இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது. கூடை மேல் கை விரித்த அந்த அக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அந்த இரண்டு நிமிடத்தை அவருக்குக் கொடுக்க அனுமதி கேட்கிறேன். அக்கா, வாங்க. மைக் இங்கே இருக்கு.