மாஸ்டர் கையில் இருக்கும் கம்பெனி

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசிய பேராசிரியர் அவர்களே, ஷிப்மெண்ட் நெருக்கடியிலும் வந்திருக்கும் திருப்பூர் பனியன் தொழில் முதலாளிகளே, பின்வரிசையில் நிற்கும் சூப்பர்வைசர் தம்பி, தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

உலகச் சந்தைக்குப் போகும் நிறுவனங்களில் அறிவு மேலாண்மையும், அதாவது வேலை தெரிந்தவர்களின் அறிவைச் சேர்த்துப் பகிர்வதும், பண்பாடும் என்பது தலைப்பு. அறிவு எங்கே இருக்கிறது, எப்படிக் கைமாறுகிறது, கடல் தாண்டினால் என்ன ஆகிறது என்று மூன்றாகப் பேசலாம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஜப்பானில் ஒசாகாவின் மட்சுஷிடா கம்பெனிக்கு, அதாவது இன்றைய பானசோனிக்குக்கு, 1980களில் இது நன்றாகப் புரிந்தது. வீட்டிலேயே ரொட்டி சுட ஒரு மெஷின் செய்தார்கள். மேலே கருகியது, உள்ளே வேகவில்லை. கையால் பிசைந்த மாவையும் மெஷின் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்துக்கூடப் பார்த்தார்கள்! ஒன்றும் பிடிபடவில்லை. அப்போது தனாகா இக்குகோ என்ற மென்பொருள் பொறியாளர், ஊரிலேயே நல்ல ரொட்டிக்குப் பேர்போன ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலுக்குப் போய், தலைமை ரொட்டிக்காரரிடம் வேலை கற்றார். கூடவே நின்று பார்த்ததில் தெரிந்தது: அவர் மாவை இழுக்கும்போதே முறுக்கவும் செய்கிறார். அப்புறம் பொறியாளர்களோடு மாதக்கணக்கில் முயன்று, மெஷினுக்குள் வரிவரியாக மேடு வைத்து அந்த முறுக்கைக் கொண்டுவந்தார்கள். மெஷின் விற்பனையில் சாதனை படைத்தது. மறைந்த மேலாண்மை அறிஞர் நொனாகா இகுஜிரோ இதை உலகத்துக்கே பாடமாக்கினார்.

நம் சாயப்பட்டறைக்கு வருவோம். இந்தத் தண்ணீருக்கு உப்பு எவ்வளவு, சாயத்தைப் பிடிக்கவைக்கும் சோடாவை எப்போது விடுவது என்பதெல்லாம் சாயம் போடும் மாஸ்டர் கையில் இருக்கிறது. அவர் வேறு பட்டறைக்குப் போய்விட்டால் துணியின் நிறம், அதாவது ஷேடு, மாறும், லாட்டு ரீபிராசஸ் ஆகும், அதாவது மறுபடி சாயம் போட வேண்டிவரும், கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போகும். ஆனால் ஆடிட்டுக்கு ஃபைல் ஃபைலாக ஆங்கிலக் காகிதம் வைத்திருக்கிறோம். வேலை தெரிந்தவர் அதில் ஒரு வரிகூட எழுதியதில்லை, அவரால் வாசிக்கவும் முடியாது. அதுதான் நான் சொல்லும் ஏட்டுச் சுரைக்காய்!

மாஸ்டர் தமிழில் சொல்லட்டும். ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளி ஒடியாவில் சொல்லட்டும், பீகார்த் தம்பி இந்தியில் சொல்லட்டும். செல்போனில் பதிந்து, பெயர் போட்டு, அந்த நேரத்துக்கும் சம்பளம் கொடுங்கள். சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பண்பாடு என்று நான் சொல்வது இதைத்தான்.

கடல் தாண்டும் கதையை இன்னொரு நாள் பேசுவோம். தலைவர் அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த பொதுக்குழுவில், ஒவ்வொரு யூனிட்டிலும் வாரம் ஒரு மணி நேரம் இப்படிச் சொல்லிப் பதிவதற்கு ஒதுக்குவது என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். முதல் கையெழுத்தைச் சாயப்பட்டறை மாஸ்டர்களிடம் வாங்குங்கள். நன்றி, வணக்கம்.