கடலில் ஒரு காவடி

நேயர்களுக்கு வணக்கம்.

மும்பையில் டாக்சியில் ஏறி பாந்த்ரா போக வேண்டும் என்றால், ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "சீ லிங்க்கா, மாஹிமா?" என்று கேட்பார். சீ லிங்க் என்பது வொர்லிக்கும் பாந்த்ராவுக்கும் நடுவே கடல் மேல் போகும் பாலம். அதில் போனால் சுங்கம் நம் தலையில். மாஹிம் என்றால் சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று போக வேண்டும்.

அந்த மாஹிம் வழிக்கும் சுங்கத்துக்கும் ஒரு பழைய கதை உண்டு. ஒரு காலத்தில் மும்பைத் தீவுக்கும் பாந்த்ராவுக்கும் நடுவே தோணிதான். 1846-ல் முடிந்த மாஹிம் காஸ்வே என்ற, நீரின் குறுக்கே போட்ட சாலைக்கு ஆவாபாய் ஜம்ஷெட்ஜி என்ற பார்சிப் பெருமாட்டி 1,57,000 ரூபாய் கொடுத்தார். போகிற வருகிறவர்களிடம் சுங்கம் வாங்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. மேற்குப் பக்கத்தில் 160 ஆண்டுகளுக்கு மேல் அந்த ஒரே வழிதான்.

சீ லிங்க்குக்கு 1999-ல் அடிக்கல் நாட்டியபோது ஐந்து ஆண்டு, 660 கோடி ரூபாய் என்றார்கள். வழக்குகள், வடிவ மாற்றங்கள், மழைக்காலக் கடல் எல்லாம் சேர்ந்து 2009 ஜூன் 30-ல்தான் திறந்தது. அதுவும் எட்டுத் தடத்தில் நான்குதான். மீதி மறுவருடம் மார்ச்சில். செலவு சுமார் 1,600 கோடி.

படங்களில் பார்த்துவிட்டு, பாலம் முழுக்கக் கம்பி வடத்தில் தொங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 5.6 கிலோமீட்டரில் வடம் தாங்கும் பகுதி, ஓரத்துத் தளங்களையும் சேர்த்து, பாந்த்ரா பக்கம் 600 மீட்டர், வொர்லி பக்கம் 350 மீட்டர், அவ்வளவுதான். மற்றதெல்லாம் சாதாரணத் தூண்கள். படகு போக இடம் விட வேண்டிய இடத்தில் தூண்களைத் தள்ளி வைக்க வேண்டும். தள்ளி வைத்தால் நடுவில் தளம் தொய்யும். அதை மேலிருந்து பிடித்துக்கொள்ளத்தான் வடம்.

காவடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தோள், இரண்டு பக்கமும் சுமை. பாந்த்ரா பகுதியில் அந்தத் தோள் 128 மீட்டர் கோபுரம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம். இரண்டு பக்கமும் 250, 250 மீட்டர் தளம், 264 வடங்கள். கட்டும்போதும் காவடிக் கணக்குதான்: முன்பே வார்த்த கான்கிரீட் துண்டை இந்தப் பக்கம் ஒன்று தூக்கி மாட்டி, வடத்தை இறுக்கி, அந்தப் பக்கம் ஒன்று. ஒரு பக்கம் மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் கோபுரம் சாயப் பார்க்கும். பாலம் கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த நாட்களில் யாருக்கும் சரியாகத் தூக்கம் வராது.

சரி, நெரிசல் தீர்ந்ததா? காரில் போகிறவருக்கு 23 சிக்னல் மிச்சம். ஒரு மணி நேரத்தையும் விழுங்கிய வழி பத்து நிமிடத்தில் முடிகிறது. ஆனால் பைக்குக்கு அனுமதி இல்லை. நடந்தும் போக முடியாது. தெற்கே போகிறவர் வொர்லியில் இறங்கியதும் ஹாஜி அலி, பெட்டர் ரோடு என்று அடுத்த வரிசையில் போய் நிற்பார். கடலில் மிச்சம் பிடித்த நேரத்தைத் தரையில் செலவழித்தோம் என்றுதான் எனக்குத் தோன்றும். தெற்கிலிருந்து வரும் கடற்கரைச் சாலையோடு சீ லிங்க் இணைய 2024 ஆகிவிட்டது.

அந்த இணைப்பிலும் தகராறு தூண் இடைவெளியில்தான் வந்தது. வொர்லி கோளிவாடா மீனவர்கள் வேலையை மறித்தார்கள். 60 மீட்டரில் அலை தள்ளினால் படகு தூணில் மோதும், 200 வேண்டும் என்றார்கள். பேசிப் பேசி 120-ல் நின்றது. அந்த இடத்தில் வடம் போடவில்லை. 136, 143 மீட்டர் நீளத்தில் வில் போல வளைந்த இரண்டு இரும்புப் பாலங்களை மிதவையில் கொண்டுவந்து ஏற்றினார்கள். அவற்றுக்கு அடியில்தான் இப்போது கோளிவாடாப் படகுகள் கடலுக்குப் போகின்றன.

வணக்கம்.