பெரிய வீட்டுக்கு மாறினால் மனச்சோர்வு போய்விடுமா?

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "கொரோனா சமயத்தில் ஆரம்பித்த வீட்டிலிருந்தே வேலை இன்னும் தொடர்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் சாயங்காலமானால் மனசு கனத்துப்போகிறது, தூக்கமும் சரியில்லை. பெரிய வீட்டுக்கு மாறினால் சரியாகுமா?" கட்டிலில் உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறாராம், ஜன்னலில் பாதியைத் துணி அலமாரி மறைத்துக்கொண்டிருக்கிறதாம்.

சரி, வீடு மாறுவதற்கு முன்னால் அந்த அலமாரியை நகர்த்துங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீட்டுக்குள் விளக்குப் போட்டால் கிடைப்பது சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான், வெளியே பகலில் மேகம் மூடியிருந்தாலும் ஆயிரக்கணக்கில் இருக்கும். கண் இந்த இரண்டு வெளிச்சத்துக்கும் பழகிக்கொள்வதால் நமக்கு அந்த வித்தியாசம் உறைப்பதில்லை, ஆனால் உடம்பின் உள்கடிகாரத்துக்கு உறைக்கும்; பகலில், அதிலும் காலையில் போதுமான வெளிச்சம் பட்டால்தான் ராத்திரி தூக்கம் நேரத்துக்கு வரும். அலுவலகம் போய்க்கொண்டிருந்தபோது அந்த வெளிச்சம் வழியிலேயே சும்மா கிடைத்தது, யாரும் கணக்கில் வைக்கவில்லை.

ஜன்னல் வழியே என்ன தெரிகிறது என்பதும் முக்கியம். ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்த 46 பேரை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டார். ஜன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகத்தான் தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான், இருந்தாலும் யோசிக்க வைக்கிறது. கட்டிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, படுக்கையும் அலுவலகமும் ஒரே இடமாக இருந்தால் படுத்த பிறகும் மூளை வேலையிலேயேதான் இருக்கும், ஒரு நாற்காலியும் மூலையும் போதும்.

ஆனால் வீட்டை என்னதான் சரிசெய்தாலும் அது பாதிதான், மீதி தெருவில் இருக்கிறது. இதை ஏனோ யாரும் பேசுவதில்லை, எல்லாரும் தொட்டிச்செடி வாங்கச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 1995 ஜூலையில் சிகாகோவில் கடும் வெப்ப அலை வீசி 700-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். எரிக் கிளைனன்பெர்க் என்ற சமூகவியலாளர் அங்கே அடுத்தடுத்து இருந்த இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். இரண்டிலும் ஏழைகள் அதிகம், தனியாக வாழும் முதியவர்களும் அதிகம், ஆனாலும் ஒன்றில் இறப்பு விகிதம் மற்றதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு! இறப்பு குறைவாக இருந்த பகுதியில் கடைகள் திறந்திருந்தன, தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது, முதியவர்கள் வெளியே வந்து போய்ப் பழகியிருந்தார்கள். மற்றதில் பூட்டிய கடைகள், காலி மனைகள், வெளியே வரவே பயம்.

பெருந்தொற்று நம்மிடமிருந்து பறித்ததும் இந்தப் பழக்கத்தைத்தான். நெருங்கிய நண்பரிடம் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தோம். நின்றுபோனது கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை, மாடிப்படியில் பார்க்கிறவரிடம் ஒரு தலையசைப்பு. முதல் வருடத்தில் மட்டும் பதற்றமும் மனச்சோர்வும் உலகளவில் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் சொன்னது, தனிமையை அதற்கு ஒரு முக்கியக் காரணமாகவும் குறிப்பிட்டது.

அதனால் வேலை முடிந்ததும் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு தினமும் ஒரே நேரத்தில் தெருவில் இறங்குங்கள், முகங்கள் தானாகப் பழகிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் மனசு இப்படியே கிடந்தால் மருத்துவரைப் பாருங்கள், அலமாரியை நகர்த்திச் சரியாகிற விஷயம் இல்லை அது. இதற்கெல்லாம் அப்புறமும் வீடு மாறத்தான் வேண்டுமென்றால், சதுர அடியைக் கேட்கும் முன் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தத் தெருவில் ஒரு தடவை நடந்து பாருங்கள்: நடைபாதை இருக்கிறதா, நிழல் இருக்கிறதா, காசு கொடுக்காமல் உட்கார ஓர் இடம் இருக்கிறதா என்று.